மார்ச் சம இரவுநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நான்கு செய்திகள் தவறாமல் சுற்றும். இன்று பகலும் இரவும் சரிசமம், இன்று முட்டை செங்குத்தாக நிற்கும், இன்று நண்பகலில் நிழலே விழாது, உண்மையான புத்தாண்டு இன்றுதான். முதலாவது கிட்டத்தட்டச் சரி, இரண்டாவது வேடிக்கை, மூன்றாவது நம் ஊருக்குப் பொருந்தாது, நான்காவதுக்குப் பதில் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதையொட்டி வரும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டால் வருடா வருடம் தட்டச்சு செய்கிற வேலை மிச்சம்.

சம இரவுநாள் என்பது ஒரு நாளா, ஒரு நேரமா?

நேரம். ஒரு கணம் என்றே சொல்லலாம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் சூரியன் பாதி வருடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் பாதி வருடம் தெற்கேயும் உச்சிக்கு வருகிறது. தெற்கிலிருந்து வடக்கே போகிற வழியில் அந்தக் கோட்டைக் கடக்கும் கணம்தான் மார்ச் சம இரவு. உலகம் முழுக்க அது ஒரே கணம், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. இந்திய நேரப்படி 2025இல் மார்ச் 20 பிற்பகல் 2.31, 2026இல் மார்ச் 20 இரவு 8.16, 2027இல் மார்ச் 21 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்.

வருடா வருடம் நேரம் ஏன் தள்ளிப் போகிறது? பள்ளியில் மார்ச் 21 என்றுதானே படித்தோம்?

ஒரு சம இரவிலிருந்து அடுத்த சம இரவுக்கு 365 நாள் 5 மணி 49 நிமிடம் ஆகிறது. நாட்காட்டியோ முழு நாட்களாகத்தான் எண்ணும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பின்னால் போய், லீப் ஆண்டு வந்ததும் ஒரேயடியாக முன்னால் இழுக்கப்படும். 2027இல் 21ஆம் தேதி அதிகாலைக்குப் போனது 2028இல் மறுபடி 20ஆம் தேதி காலை 7.47க்கு வந்து நிற்கும்.

ஆனால் அந்த இழுப்பு ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் முக்கால் மணி நேரம் அதிகம். அது சேர்ந்து சேர்ந்துதான் நூற்றாண்டு முழுக்கத் தேதி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்கிறது. போன நூற்றாண்டில் நமக்கு மார்ச் 21 சாதாரணம், பாடநூல் எழுதியவர்கள்மேல் தப்பில்லை. கிரீனிச் நேரப்படி கடைசியாக 21ஆம் தேதி வந்தது 2007இல். மறுபடி 21ஐப் பார்க்க கிரீனிச் நேரக்காரர்கள் 22ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் 2023, 2027 போல லீப் ஆண்டுக்கு முந்தைய வருடங்களில் நமக்கு மட்டும் 21 எட்டிப் பார்க்கும்.

அன்றைக்குப் பகலும் இரவும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரமா?

இல்லை. பகல்தான் ஜெயிக்கும். சென்னையில் மார்ச் 20 அன்று சூரிய உதயம் காலை 6.13 வாக்கில், மறைவு மாலை 6.20 வாக்கில். கழித்துப் பாருங்கள், 12 மணி 7 நிமிடம்.

இரண்டு காரணங்கள். சூரியனின் நடுப்புள்ளி தொடுவானத்தைத் தாண்டும்போது உதயம் என்று நாம் கணக்கிடுவதில்லை; அதன் மேல் விளிம்பு தலைகாட்டினாலே உதயம்தான், மறையும்போதும் மேல் விளிம்பு போனால்தான் மறைவு. இது ஒன்று. இன்னொன்று காற்று. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியன் மேலே இருப்பதுபோலத் தெரிகிறது. கடற்கரையில் நின்று சூரியன் தண்ணீரைத் தொடுவதைப் பார்க்கும்போது, வடிவியல் கணக்குப்படி அது ஏற்கெனவே முழுசாகக் கீழே போயிருக்கும். இரண்டும் சேர்ந்து காலையில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவும் மாலையில் அதே அளவும் பகலுக்குப் போனஸ்.

சரி, அப்படியானால் உண்மையிலேயே சமமாக இருக்கும் நாள் எது? அது நீங்கள் எந்த அட்சரேகையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லண்டனில் மார்ச் 17 வாக்கில். சென்னையில் அதற்கும் ஒரு வாரம் முன்பே, மார்ச் 10, 11 அளவில். கன்னியாகுமரியில் இன்னும் முன்னால், மார்ச் முதல் வாரத்தில். நிலநடுக்கோட்டின் மேலேயே வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு நாள் எப்போதும் வராது, வருடம் முழுக்கப் பகல் சில நிமிடம் கூடுதலாகவே இருக்கும்.

அன்று நண்பகலில் நிழல் விழாது என்கிறார்களே?

நிலநடுக்கோட்டின் மேலே நின்றால் விழாது. சென்னையில் விழும். சென்னை 13 பாகை வடக்கே இருப்பதால் அன்று நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 13 பாகை தெற்கே தள்ளி நிற்கும், ஒரு மீட்டர் குச்சிக்கு 23 சென்டிமீட்டர் நிழல் இருக்கும்.

நிழலில்லா நாள் வேறு சமாச்சாரம். சம இரவுக்குப் பிறகு சூரியன் வடக்கே ஏறி வரும் வழியில் ஒவ்வொரு ஊரின் தலைக்கு நேராகவும் வரும் நாள் அது. இலங்கையின் தென்முனையில் ஏப்ரல் 5 வாக்கில் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவில், சென்னையிலும் பெங்களூருவிலும் ஏப்ரல் 24 வாக்கில் வருகிறது. திரும்பிப் போகும் வழியில் இன்னொரு தரம், சென்னைக்கு அது ஆகஸ்டில்.

முட்டை?

நிற்கும். ஜூலையிலும் நிற்கும், தீபாவளி அன்றும் நிற்கும், பொறுமையும் கொஞ்சம் சொரசொரப்பான ஓடும் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதைக்குச் சீனாவில்தான் மூலம். அங்கே முட்டை நிறுத்துகிற வழக்கம் பிப்ரவரி தொடக்கத்தில் வரும் லிச்சுன் என்ற நாளுக்கு உரியது. சீன மரபில் வசந்தம் அன்றுதான் பிறக்கிறது. 1945இல் அமெரிக்க லைஃப் இதழ் அதைப் பற்றி ஒரு செய்தி போட்டது. அமெரிக்கர்களுக்கு வசந்தத்தின் முதல் நாள் என்றால் மார்ச் 20, 21. அப்படியே முட்டையும் ஒன்றரை மாதம் தள்ளிப் போய்விட்டது.

மார்ச் மாதத்தில் டிஷ் டிவி படம் சில நிமிடம் காணாமல் போகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடிச் சம்பந்தம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பவை. சம இரவை ஒட்டிச் சூரியனும் அதே கோட்டுக்கு வந்துவிடுவதால், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உங்கள் மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளும் அதன் முதுகுக்குப் பின்னால் சூரியனும் ஒரே கோட்டில் தெரியும். சூரியனின் ரேடியோ இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். சில நாட்களுக்குத் தினமும் சில நிமிடம் இது நடக்கும், அப்புறம் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்லாதீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் செயற்கைக்கோள் நமக்குச் சற்றே தெற்கில் தெரிகிறது. அதனால் சூரியன் கோட்டைக் கடப்பதற்கு முன்னாலேயே அதன் பின்னால் வந்துவிடும். தமிழ்நாட்டில் இது மார்ச் நடுவாக்கில் வரும். ஆண்டின் பிற்பாதியில் வரும்போது செப்டம்பர் சம இரவு முடிந்து சில நாள் கழித்து வரும்.

சித்திரை 1ஆம் தேதியும் சூரியக் கணக்குத்தானே? அது ஏன் ஏப்ரல் 14இல் வருகிறது?

இதுதான் அதிகம் பேர் கேட்பது, கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

பூமியின் அச்சு சாய்ந்திருப்பது மட்டுமல்ல, வேகம் குறையும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல அந்த அச்சும் வட்டமிடுகிறது. சூரியனும் சந்திரனும் பூமியின் இடுப்புப் பருமனைப் பிடித்து இழுப்பதால் வரும் ஆட்டம் இது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 25,800 வருடம். இதனால், சம இரவு நடக்கும் கணத்தில் சூரியன் எந்த நட்சத்திரங்களின் பின்னணியில் நிற்கிறது என்பது 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் பின்னால் நழுவிக்கொண்டே இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதைக் கவனித்திருக்கிறார். நம் ஜோதிட நூல்கள் இதை அயன சலனம் என்கின்றன, நழுவிய அளவுக்கு அயனாம்சம் என்று பெயர்.

இப்போது புத்தாண்டை எப்போது தொடங்குவது? இரண்டு வழி இருக்கிறது. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அது பருவகாலத்தோடு ஒட்டிய கணக்கு. அல்லது சூரியன் வானத்தில் ஒரு குறிப்பிட்ட நட்சத்திர இடத்துக்கு, அதாவது மேஷ ராசியின் தொடக்கத்துக்கு, வரும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தமிழ், மலையாளம், வங்காளம், ஒடியா, அஸ்ஸாமியச் சூரிய நாட்காட்டிகள் எல்லாம் இரண்டாவது வழி. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. எந்த அயனாம்சத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசி என்றும் சொல்லலாம், ஆரியபட்டரின் காலமான 5ஆம் நூற்றாண்டின் கடைசி என்றும் சொல்லலாம். அதற்குப் பிறகு விலகல் தொடங்கியது. இப்போது அயனாம்சம் 24 பாகையைத் தாண்டிவிட்டது. சூரியன் அந்த 24 பாகையைக் கடக்க ஆகும் இருபத்து நான்கு, ஐந்து நாள்தான் மார்ச் 20க்கும் ஏப்ரல் 14க்கும் நடுவில் இருப்பது.

தை 1க்கும் இதே கதைதான். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் மகர சங்கராந்தியைப் பொங்கல் அன்று வைத்திருக்கிறோம்.

பழைய தொடர்பு பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்திரை முதல் நாளைப் பஞ்சாங்கத்தில் சித்திரை விசு என்று போடுவார்கள், பாபநாசத்தில் அந்தப் பெயரிலேயே திருவிழா நடக்கிறது, மலையாளத்தில் அதுவே விஷு. பகலும் இரவும் சமமாகும் நாளுக்குத்தான் அந்தச் சொல். ஆனால் ஏப்ரல் 14 அன்று சென்னையில் பகல் 12 மணி 20 நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

அப்படியானால் சித்திரை 1 தப்பான தேதியா?

என் கருத்து: தப்பு இல்லை. நட்சத்திரங்களை அளவுகோலாக வைத்துக்கொண்ட ஒரு கணக்கு, தன் அளவுகோலின்படி ஏறக்குறையச் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஏறக்குறைய' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் ஒரு வருடத்துக்கு 365.2588 நாள் என்று வைத்திருக்கிறது. நட்சத்திரக் கணக்குப்படி உண்மையான அளவு 365.2564. வருடத்துக்கு மூன்றரை நிமிடம் கூடுதல். அயன சலனத்தோடு இதுவும் சேர்ந்து, சம இரவிலிருந்து பார்த்தால் அறுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் சித்திரை 1 தள்ளிப் போகிறது. இப்படியே விட்டால் இன்னும் இரண்டாயிரம் வருடத்தில் புத்தாண்டு மே நடுவில் வரும்.

அயனம் 27 பாகை வரை போய்விட்டுத் திரும்பி வரும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சூரிய சித்தாந்தத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அது நடக்காது. அச்சு ஒரே திசையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே மூச்சில் "இது நட்சத்திரக் கணக்கு" என்றும் "இன்றுதான் பகலும் இரவும் சமம், நம் முன்னோர் எவ்வளவு துல்லியம்" என்றும் மீம் போடும்போதுதான். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்திய அரசு இதைச் சரிசெய்ய முயலவே இல்லையா?

முயன்றது, யாரும் கண்டுகொள்ளவில்லை. விடுதலைக்குப் பிறகு நாடு முழுக்க முப்பதுக்கு மேற்பட்ட நாட்காட்டிகள் புழங்கிக்கொண்டிருந்தன. 1952இல் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது 1955இல் அறிக்கை கொடுத்தது, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுக் கணக்கில் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் சைத்திரம் 1 என்பது மார்ச் 22, லீப் ஆண்டில் மார்ச் 21. சம இரவை ஒட்டியே புத்தாண்டு, அறிவியல்படி சுத்தமான ஏற்பாடு. இன்றும் அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. ஆனால் அந்தத் தேதியில் யாராவது கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

சம இரவையே புத்தாண்டாக வைத்திருப்பவர்கள் யார்?

ஈரானியர்கள், ஆப்கானியர்கள், குர்துகள், தாஜிக்குகள், அஜர்பைஜானியர்கள், மத்திய ஆசியாவில் இன்னும் பலர். நவ்ரூஸ். இதில் ஈரானியர்களின் கணக்கு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் தேதியை விடவும் கணத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். அந்தக் கணம் விடியற்காலை மூன்றரை மணிக்கு வந்தால் குடும்பமே எழுந்து புதுத்துணி போட்டுக்கொண்டு உட்காரும். தரையிலோ மேசையிலோ ஹஃப்த் சீன் விரித்திருக்கும். பாரசீக எழுத்தான சீனில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள்: முளைவிட்ட கோதுமைப் புல், கோதுமை முளையைக் காய்ச்சிக் கிளறிய களி, பூண்டு, ஆப்பிள், வினிகர், சுமாக் பொடி, செஞ்செத் என்ற உலர்ந்த பழம். கூடவே கண்ணாடி, மெழுகுவர்த்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இரவில் தெருவில் சின்னச் சின்னதாகத் தீமூட்டி அதைத் தாண்டிக் குதிப்பார்கள், என் மஞ்சளை நீ எடுத்துக்கொள், உன் சிவப்பை எனக்குத் தா என்று நெருப்பிடம் சொல்லிக்கொண்டே. மஞ்சள் என்றால் நோய், வாட்டம். பதின்மூன்றாம் நாள் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள், வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கோதுமைப் புல்லை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார்கள்.

கணக்கும் கறாரானது. 1079இல் செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா காலத்தில் சீர்திருத்திய நாட்காட்டி அது, அந்த வானியலாளர் குழுவில் உமர் கய்யாமும் இருந்தார். இன்றைய விதி இப்படி: சம இரவு ஈரான் நேரப்படி நண்பகலுக்கு முன் வந்தால் அன்றே ஆண்டின் முதல் நாள், நண்பகலுக்குப் பின் வந்தால் மறுநாள். 2025இல் அது அங்கே பகல் 12.31க்கு வந்தது. அரை மணி நேரத்தில் நழுவி, முதல் நாள் மார்ச் 21 ஆகி, முடிந்த வருடம் 366 நாளாகிவிட்டது. லீப் ஆண்டு எது என்பதை வானமே முடிவு செய்கிறது, நான்கால் வகுத்துப் பார்க்கிற வேலையே கிடையாது.

நம் ஊர்ப் பார்சிகளின் புத்தாண்டு ஆகஸ்டில் வருகிறதே?

அவர்களின் ஷாஹன்ஷாஹி நாட்காட்டியில் வருடத்துக்கு 365 நாள்தான், லீப் நாள் சேர்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். நழுவி நழுவி ஆகஸ்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் மார்ச் 21 அன்று ஜம்ஷேதி நவ்ரோஸ் என்று தனியாகக் கொண்டாடுகிறார்கள்.

ஈஸ்டர் தேதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வசந்த சம இரவுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், இது பொதுவாகச் சொல்லும் விதி. அதனால்தான் அது மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25 வரை அலைகிறது. ஆனால் திருச்சபை வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. சம இரவு என்றால் மார்ச் 21, பௌர்ணமி என்றால் அட்டவணையில் இருக்கும் பௌர்ணமி, அவ்வளவுதான். 2019இல் இது நன்றாகவே வெளியே தெரிந்தது. கிரீனிச் நேரப்படி மார்ச் 20 இரவு சம இரவு, நான்கு மணி நேரத்துக்குள் முழுநிலவு. விதியை வானத்தில் வைத்துப் பார்த்தால் ஈஸ்டர் மார்ச் 24. அட்டவணையிலோ பௌர்ணமி மார்ச் 20, அதாவது 21க்கு முந்தைய நாள். ஆகவே அடுத்த பௌர்ணமி வரை காத்திருந்து ஏப்ரல் 21இல் ஈஸ்டர் வந்தது.

நாம் தினமும் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டியே இந்தக் குழப்பத்தால் பிறந்ததுதான். ஜூலியஸ் சீசர் வகுத்த ஆண்டு 365.25 நாள், உண்மையைவிட 11 நிமிடம் அதிகம். 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும். 325இல் நைசீயாவில் கிறிஸ்தவ ஆயர்களின் சங்கம் கூடியபோது மார்ச் 21ஐ ஒட்டி இருந்த சம இரவு 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் கோடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளை வெட்டி எறிந்தார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. கிழக்கு மரபுத் திருச்சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்கு இன்னும் பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருப்பதால் பல வருடங்களில் இரண்டு ஈஸ்டர் வருகிறது.

இதற்காக அரசு விடுமுறை விடும் நாடு உண்டா?

நவ்ரூஸ் நாடுகளை விட்டுவிட்டால், ஜப்பான். ஷுன்புன் நோ ஹி என்ற பெயரில் 1948 சட்டப்படி தேசிய விடுமுறை. தேதியைத் தேசிய வானியல் ஆய்வகத்தின் கணக்கைக் கொண்டு முந்தைய வருட பிப்ரவரியில் அரசிதழில் அறிவிப்பார்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் சேர்த்து ஏழு நாள் ஹிகான். முன்னோர் கல்லறையைக் கழுவித் துடைத்து, பூ வைத்து, இனிப்புச் சிவப்புப் பயறு பூசிய பொத்தமோச்சி என்ற அரிசி உருண்டையைப் படைப்பார்கள். அமிதாப புத்தரின் தூய உலகம் மேற்கில் இருப்பதாக நம்பிக்கை, சூரியன் நேர் மேற்கில் மறையும் நாளில் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. வெயிலும் குளிரும் ஹிகான் வரைதான் என்று அங்கே ஒரு பழமொழியும் உண்டு.

பத்மநாபசுவாமி கோயில் கோபுரப் படம் உண்மையா?

உண்மைதான். திருவனந்தபுரத்தில் சம இரவை ஒட்டிய மாலைகளில் மறையும் சூரியன் அந்த ஏழு நிலைக் கோபுரத்தின் வாயில்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்து இறங்குவதைப் படம் பிடிக்கக் கூட்டம் கூடும். கோபுரம் கிழக்கு மேற்காக நேராக நிற்கிறது, அன்று சூரியனும் நேர் மேற்கில் மறைகிறது, இது பாதி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை: திருவனந்தபுரம் 8.5 பாகையில் இருப்பதால் சூரியன் அங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. இதே கோபுரம் லண்டனில் இருந்தால் சூரியன் சாய்வாகப் போய் இரண்டு நிலைக்குள் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். சம இரவு நாட்களின் விடியலில் மேற்கு வாசலில் நின்றால் நடுக்கோபுரத்தின் உச்சியில் சூரியன் ஏறி உட்காரும். மெக்சிகோவின் சிச்சேன் இட்சாவில் குகுல்கான் பிரமிடின் வடக்குப் படிக்கட்டில் மாலை வெயில் முக்கோணம் முக்கோணமாக விழுந்து, அடியில் இருக்கும் கல் பாம்புத்தலையோடு சேர்ந்து ஒரு பாம்பு இறங்கி வருவதுபோலத் தெரியும். நான்கு பக்கமும் 91 படி, மேல் மேடையைச் சேர்த்தால் 365. ஆனால் அந்தப் பாம்பு சம இரவுக்கு முன்னும் பின்னும் பல நாள் தெரியும், மாயர்கள் அதைத் திட்டமிட்டார்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பொதுவாக, கிழக்கு மேற்காகச் சரியாக நூல் பிடித்துக் கட்டிய எதுவும் அன்று ஏதாவது வித்தை காட்டும், உங்கள் அடுக்குமாடியின் நடைவழி உட்பட. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை இதில் சேர்க்காதீர்கள், அது சூரியன் திசை திரும்பும் ஜூன், டிசம்பர் நாட்களுக்கானது.

பழந்தமிழருக்கு இது தெரியுமா?

நெடுநல்வாடையில் அரசனுக்கு அரண்மனை எழுப்ப மனை வகுக்கும் இடம் ஒன்று வருகிறது. இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் நிழலைக் குறித்து, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசையை நிர்ணயிக்கிறார்கள். நிழலைக் கொண்டு திசை பார்க்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்திருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. சம இரவைத்தான் சொல்கிறது என்று அதிலிருந்து அடித்துப் பேசுவது அதிகப்படி.

இதை வசந்தத்தின் முதல் நாள் என்பது நமக்குப் பொருந்துமா?

மார்ச் 20 அன்று மதியம் மதுரைத் தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். தெற்கு அரைக்கோளத்தில் அது இலையுதிர் காலத்துத் தொடக்கம் வேறு. அதனால்தான் இங்கே மார்ச் சம இரவு என்றே எழுதி வருகிறேன்.

மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரையும், செப்டம்பரிலிருந்து மார்ச் வரையும் ஒரே அளவு நாட்களா?

இல்லை. முதல் பாதி 186 நாள், இரண்டாம் பாதி 179. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருவதால் அப்போது வேகமாக ஓடுகிறது, ஜூலையில் தொலைவில் இருப்பதால் மெதுவாக. வடதுருவத்துக்கு இதில் லாபம், ஆறு மாதப் பகல் ஆறு மாத இரவைவிட நீளம்.

மொட்டை மாடியிலிருந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் இல்லை. சமமான இடத்தில் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள், தூக்குக் குண்டு வைத்துச் சரிபார்த்தால் இன்னும் நல்லது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு வரை அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். மற்ற நாட்களில் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் வளைகோடு வரும், குளிர்காலத்தில் ஒரு பக்கமும் கோடையில் மறுபக்கமும் வளையும். சம இரவு அன்று மட்டும் நேர்கோடு. அந்தக் கோடு அச்சாகக் கிழக்கு மேற்கு. கைபேசித் திசைகாட்டியைவிட இதை நம்பலாம், கூரையில் கம்பி நிறைய ஓடும் மாடிகளில் அது உளறும்.

நிழல் மிகவும் குட்டையாக இருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பன்னிரண்டு மணிக்கு வராது: சென்னையில் 12.16 வாக்கில், கோயம்புத்தூரில் 12.30க்குப் பக்கத்தில். கடிகாரம் பிரயாக்ராஜை (பழைய அலகாபாத்) ஒட்டிய தீர்க்கரேகைக்கு ஓடுவதால் மேற்கே போகப் போக நண்பகல் தாமதமாகும். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ செய்யலாம், சூரியன் ஒரு நாளைக்கு 0.4 பாகைதான் நகர்கிறது, சாக்பீஸ் கோட்டின் தடிமனில் அந்த வித்தியாசம் தெரியாது.